துறவியும் மணியும்

ஜூன் 3
அன்புள்ள மாமா,
இனி எந்தத் திரையையும் தொடுவதில்லை என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் சபதம் போட்டீர்களே, அதிலிருந்து உங்கள் போன் ஊமையாகிவிட்டது. அதனால்தான் காகிதம். கையெழுத்துக்குக் கோழியைத் திட்டாதீர்கள், நான்தான்.

அக்காவின் கேம் சென்டரை மூடச் சொல்லி நகர்மன்றத்தில் தீர்மானமாமே? பிள்ளைகளைப் பேய் பிடிக்கிறது என்கிறீர்கள். உங்கள் கட்சி, பண்பாடு கெடுகிறது என்கிறது. உங்கள் மன்றத்தில்தான் நாற்காலி பறக்கிறது. எங்களுக்கு அதில் உட்கார மட்டும்தான் பழக்கம்.

ஒரு சந்தேகம். எங்கள் விளையாட்டில் வரும் கோட்டையின் ஏழாம் வாசலைப் பற்றி மன்றத்தில் பேசினீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் அணியைத் தவிர யாரும் அதுவரை போனதில்லை. எங்களோடு மௌனி என்று ஒருவர் ஆடுவார். வாய் திறக்கமாட்டார், பிரார்த்தனை நேரத்தில் காணாமல் போய்விடுவார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த வாசலில் இருக்கும் துறவியைக் கொன்றால்தான் பாலம் இறங்கும். பாவம்தான்.
வாலு

ஜூன் 8
வாலுவுக்கு ஆசிகள்.
உன் நாக்குக்கு மூடி போடாத என் தங்கையைச் சொல்ல வேண்டும். அவள் மூட்டுவலி தேவலையா? வாசல் விஷயம் யாரோ சொல்லக் கேட்டது. கட்சித் தலைவர் முடிவு செய்துவிட்டார், நான் செய்ய ஒன்றுமில்லை.
மாமா
பி.கு.: துறவியைக் கொல்லவே கூடாது! தண்ணீர் கொடுத்தால் அவரே மணியைக் காட்டுவார். ஒருமுறை அடித்தால் பாலம் இறங்கும். தெரியாமல் அந்த விளையாட்டின்மேல் பழி போடாதே.

ஜூன் 11
மாட்டிக்கொண்டீர்களே மாமா!
கொலை என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். தண்ணீர் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்ததே மௌனிதான். நீங்கள்தான் அவர் என்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கடன் வாங்கிப் போட்ட கடை, தெரியுமல்லவா? தீர்மானம் வரும்போது மன்றத்தில் அந்தப் பின்குறிப்பை மட்டும் படித்துவிடுங்கள், போதும்.
வாலு

ஜூன் 14
மௌனிக்கு,
'மாமா' என்று எழுத இன்று கை வரவில்லை.

பார்வையாளர் வரிசையில் இருந்தேன். எல்லாக் கைகளும் உயர்ந்த பிறகு தலைவர் திரும்பி உங்களைப் பார்த்தார். அப்புறம் உங்கள் கையும் உயர்ந்தது. கடைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். பூட்டின் எதிரில் படியிலேயே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது எங்கள் ஆட்டத்தில் கிடையாது. உங்கள் ஆட்டத்தில் உண்டோ என்னவோ.

நேற்று வீட்டிலிருந்தே ஆடினோம். நீங்கள் வரவில்லை. துறவிக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களிடம், மணியை நான்கு முறை அடிக்கவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தப்பென்று உங்களுக்குத் தெரியும்.

திருத்த வருவீர்களா?
வாலு