ஃப்ரிட்ஜில் ஒட்டிய பட்டியல்

இரண்டு பட்டம் வாங்கிய என் மகனுக்கு,

உன் மனைவியை என்னோடு கூட்டி வந்துவிட்டேன். தேட வேண்டாம்.

ஏழு மாதக் கர்ப்பிணி மயங்கி விழுந்துவிட்டாள் என்று உன் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் ஓடி வந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை, கீரை, பால், பருப்பு என்று அவளுக்காக நீ அச்சடித்து ஒட்டிய பட்டியல். நல்ல வழவழப்பான தாள். திறந்து பார்த்தால் முட்டை அடுக்கடுக்காக இருந்தது. "அதெல்லாம் அவருக்கு, அத்தை. ஜிம்முக்குப் போறாருல்ல," என்றாள். கை நிறையச் சம்பளம் வாங்கும் நீ சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சியதுதான் அவளுக்காம்.

அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

உன்னைச் சுமந்தபோது நான் ஆஸ்பத்திரித் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடத் தெரியாத உன் அப்பா, தன் தட்டு மீனை என் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்குப் பிடிக்காது" என்பார். மீன் என்றால் அவருக்கு உயிர்.

எனக்கும் எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மனைவிதான் எழுதுகிறாள். "கொஞ்சம் மரியாதையா எழுதட்டுமா, அத்தை?" என்று ஆரம்பத்தில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்