மூக்கணாங்கயிறு இல்லாத மாடுகள்

1956 மார்ச் 11, ஞாயிறு

திப்பு காலத்துப் பீரங்கிப்படையை ஈயப் பொம்மைகளாகச் செய்து முடிக்க நான்கு வருடமாயிற்று. சிப்பாய் சட்டையின் புலிக்கோடுகூடத் தப்பில்லை என்று பீற்றிக்கொண்டிருந்தேன். நாளை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி.

மத்தியானம் தளி ஊரிலிருந்து ராகி மூட்டை இறக்க வந்த மாட்டுவண்டிக்காரர் முனியப்பா பீரங்கியைப் பார்க்கவே இல்லை. அதை இழுக்கும் மாடுகளையே குனிந்து பார்த்தார்.

“மூக்கணாங்கயிறே காணோமே சார். மலை இறக்கத்துல இதுங்கள எப்படிப் புடிச்சு நிறுத்துவாங்க?”

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் போனதும் ஊசியைக் காய்ச்சி ஒவ்வொரு மூக்காகத் துளைத்தேன். ஒன்பது மாடுகளுக்கு நூல் கோத்தாயிற்று. இப்போதுதான் அவை பீரங்கியை இழுப்பதுபோல் இருக்கிறது.

கடைசி மாடான பத்தாவதற்குத் துளை மட்டும் போட்டிருக்கிறேன். காலையில் முனியப்பாவின் வண்டி பள்ளிக்கூட வழியாகத்தான் போகும். நிறுத்தி, அவர் கையாலேயே கட்டச் சொல்ல வேண்டும்.