ஏரிக் கம்பத்துப் பருந்துப் பட்டத்தை இன்றே இறக்கக் கோரி

அனுப்புநர்:
மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்,
நீரேற்று நிலையத்துக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் பிரிவு.

பொருள்: குடிநீர் ஏரியில் வாத்துகளை விரட்டக் கட்டியுள்ள பருந்து வடிவப் பட்டத்தை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. நம் ஏரியில் குளிர்காலத்தைக் கழித்த வாத்துகள் வடக்கே திரும்பும் பருவம் இது. கிளம்புமுன் அவை இரவும் பகலும் மேய்ந்து உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். வழியில் அதுதான் அவற்றுக்குக் கட்டுச்சோறு. வாத்துகளையும் அவற்றைத் தேடிவரும் பருந்துகளையும் பார்க்க, நானும் என் மனைவியும் கடை திறக்குமுன் கரையில் நிற்பது வழக்கம்.

2. வாத்துகளின் எச்சம் குடிநீரில் விழுவதாக வந்த புகாரின் பேரில், தங்கள் அலுவலகம் மதகருகே கம்பம் நட்டு அந்தப் பட்டத்தைக் கட்டியுள்ளது. வேலைப்பாட்டில் குறை சொல்வதற்கில்லை. வாத்தை வானிலேயே அடிக்கும் பைரி என்று நம்பி எங்கள் பறவை பார்க்கும் குழுவே அதைக் குறித்துவைத்தது. அது பெண் பறவை என்றார் லாரி ஓட்டும் என் மைத்துனர். இல்லை, இளம் ஆண் என்றார் குழுவிலுள்ள பல் மருத்துவர். இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. மழை கொட்டியும் அது இறக்கையை மடக்காதபோதுதான் கயிறு கண்ணில் பட்டது. அதைப் பைரி என்று முதலில் கை நீட்டிக் காட்டியவன், ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் நான்தான்.

3. எங்களுக்குத் தெளிந்துவிட்டது, வாத்துகளுக்குத் தெளியவில்லை. காற்றில் பட்டம் அசையும்போதெல்லாம் கூட்டம் மொத்தமாக எழுந்து, சுற்றி, பயந்து பயந்து இறங்குகிறது; மேய நேரமே கிடைப்பதில்லை. விட்டுப் போக அருகில் வேறு ஏரியும் இல்லை. ஆகவே எச்சமும் குறைந்தபாடில்லை.

4. நேற்றுக் காலை மின்கம்பியில் அடிபட்டு ஒரு சின்ன வாத்து கரையில் கிடந்தது. என் மனைவி துண்டில் எடுத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை. மார்பைத் தடவிப் பார்த்தேன். சதையே இல்லை, எலும்புதான் விரலில் தட்டியது. அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

5. வடக்கே தள்ளும் தென்காற்று எழத் தொடங்கிவிட்டது. கூட்டம் கிளம்பினால் மெலிந்தவையும் கூடவே கிளம்பிவிடும். பாதி வழியில் அவை என்ன ஆகும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

6. ஏரிக் காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்தோம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மேல சொன்னாங்க, கட்டினேன். எனக்கும் பாக்கப் பாவமாத்தான் இருக்கு. எழுத்துல ஒரு வரி வாங்கிட்டு வாங்க, அடுத்த நிமிஷம் இறக்கிடறேன்.” அவர்மேல் தவறில்லை. இதற்காக அவர்மேல் நடவடிக்கை ஏதும் வேண்டாம்.

ஆகவே அந்த ஒரு வரியைத் தாங்கள் இன்றே எழுதித் தர வேண்டுகிறேன். எச்சம்தான் கவலை என்றால், நீர் எடுக்கும் குழாயைச் சுற்றி வலை கட்ட எங்கள் குழு கூலி வாங்காமல் வரும். பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு வந்து தங்கள் அலுவலக வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி கம்பத்தடியில் காவலாளியோடு நிற்கிறாள், ஏணி சாத்தியாகிவிட்டது.

நாள்: மார்ச் 24
இடம்: தங்கள் அலுவலக வாசல்

பணிவுடன்,
(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்