ஓடை வந்த வழி

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் என் குரல் கேட்டவுடன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் கல்லூரியில் பூகோளம் எடுத்த அன்று நீங்கள் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன்.

நல்லூரில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் ஒரு பனியன் கம்பெனி விடுதி இருக்கிறது. போன மாதம் வகுப்பில் எங்கள் பகுதியின் பழைய வரைபடத்தை விரித்தபோது, இன்று விடுதி இருக்கும் இடத்தில் அதில் ஓர் ஓடை ஓடியது. அன்றே முதலாளியைப் பார்க்கப் போனேன்.

"ஏனுங்க டீச்சர், இங்க தண்ணி வந்து நான் பார்த்ததே இல்லீங்களே?" என்று சிரித்தார்.

"மேக்க புது ரோட்ட மேடாக்கிட்டாங்க. இனிப் பெரிய மழை பேஞ்சா, தண்ணிக்கு இந்தப் பள்ளத்த உட்டா வேற வழி இல்லீங்க."

வரைபடத்தோடு அவரைச் சரிவு நெடுக நடத்திக் கூட்டிப்போனேன். திரும்பும்போது அவர் சிரிக்கவில்லை.

வியாழனன்று கனமழை எச்சரிக்கை வந்ததும், எல்லாப் பெண்களையும் கம்பெனி மாடிக்கு மாற்றிவிட்டார். மறுநாள் காலை விடுதிக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மிதக்கும் கட்டில்களைப் பார்த்த ஒடிசாப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அப்பா! என் படிப்பு செய்த வேலை இது.

இந்தச் செய்தியோடு பேப்பரில் வந்த என் படத்தைப் பேக்கரியில் காட்டி, "எம்புள்ளைங்க, பூகோள டீச்சரு" என்று சொன்னீர்களாமே. அம்மா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதை என்னிடமும் ஒருமுறை சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பூகோள டீச்சர்