கேட்காமல் எடுத்த படம்

பிப்ரவரி 2, ஞாயிறு
மகள் இளவரசிக்குச் சென்னையில் டிவி வேலை கிடைத்திருக்கிறது. பத்துப் பேரை ஒரே வீட்டில் அடைத்து, நாள் பூராவும் படம் பிடிக்கிற நிகழ்ச்சி. என் வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார். "அடுத்தவன் அழுகைய வித்துத் துன்ற வேலை எம் பொண்ணுக்கு வேணாம்." பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்லணும்.

பிப்ரவரி 4
மகள் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். இதெல்லாம் டாக்குமென்டரியில் பிறந்ததாம். நூறு வருஷம் முன்னால் பனி தேசத்து வேட்டைக்காரர் ஒருவரைப் படம் எடுத்தார்களாம். துப்பாக்கி இருந்தும், படத்துக்காக ஈட்டியால் குத்தச் சொன்னார்களாம். அப்புறம் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தை ஏழு மாதம் எடுத்ததில், படம் முடிவதற்குள் புருஷன் பெண்டாட்டி பிரிந்தே விட்டார்களாம்.
"எங்களுக்கு ஏழு நாள் போதும்டி" என்றேன். இவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 5
அப்பாவுக்கு வேலை புரியட்டும் என்று நிஜமாகவே எங்களை எடுக்கிறாள். கேமராவைக் கண்டதும் இவர் புது மாப்பிள்ளை! "தனக்கொடி, சாப்ட்டியாம்மா?" இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. "யாருங்க நீங்க?" என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். வயலில் அறுப்பு மெஷின் நிற்கிறது. இவர் அரிவாளைத் தேடுகிறார். "பனி தேசத்துக்காரரே, ஈட்டி மாட்டுக் கொட்டாய்ல இருக்கு."

பிப்ரவரி 8
கேமராவை ஒளித்துவைத்து ஆட்களை ஏமாற்றிய பழைய நிகழ்ச்சி ஒன்று, இதற்கெல்லாம் பெரியம்மா முறையாம். எனக்கு அது போதாதா? போனில் படம் ஓடவிட்டு, அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து இவரை நோண்டினேன். "வேலை மேல கோவமா, பொண்ணு மேல கோவமா? சொல்லுய்யா."
திடீரென்று தேம்பினார். "அவ போய்ட்டா இந்த வூட்ல இன்னாடி இருக்கு? உன் கிண்டல் மட்டுந்தான்."


பிப்ரவரி 9
இளவரசியிடம் காட்டினேன். மெச்சுவாள் என்று பார்த்தால் — "கேக்காம எடுத்தியாம்மா?" என்று கத்தினாள். உதவிக்குத்தானே எடுத்தேன்? — இல்லை. வேடிக்கைக்குத்தான்.
பாரீசில் அந்தக் காலத்தில் தெருவில் போகிறவர்களிடம் "சந்தோஷமா இருக்கியா" என்று கேட்டு ஒரு படம் எடுத்தார்களாம். அதில் இருந்தவர்களுக்கே போட்டுக் காட்டி, நிஜமா நடிப்பா என்றும் கேட்டார்களாம். "அதான் மொறை" என்று சொல்லி போனை அப்பாவிடம் நீட்டினாள். முழுசாகப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.
"அம்மா உனக்குத் தெரியாம எடுத்துச்சுப்பா. வெச்சிக்கவா, அழிச்சிடவா? நீயே சொல்லு."
"அழி."
அவர் கண்முன்னாலேயே அழித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "போடி" என்றார்.

பிப்ரவரி 13
"அங்க அழுவுறவங்கள்ட்டயும் இப்டி கேப்பியா?" — இவர்.
"நான் சின்ன ஆளுப்பா. ஆனா கேப்பேன்."
பாகூர் கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய சூட்கேஸ் வாங்கிவந்தார்.

ஏப்ரல் 6
மத்தியானம் இளவரசி வேலை செய்யும் நிகழ்ச்சி போட்டான். யார் அழுதார்கள், எதற்கு அழுதார்கள், நாங்கள் கவனிக்கவில்லை. கடைசியில் வேலை செய்தவர்கள் பேர் ரெண்டு வரிசையாக ஓடும்போது இவர் டிவியில் முட்டிக்கொண்டு நின்றார்.
"அவ பேர் இருந்துச்சாங்க?"
"படிக்கறதுக்குள்ள ஓடிப்போச்சு. நாளைக்கு நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்குறேன்."