கடல் பக்கத்துக் கண்ணாடி வராந்தா

அன்புள்ள மைனிக்கு,

ஆசாரி வராந்தாவில் உட்கார்ந்து கண்ணாடி பதிக்க மக்குப் பிசைந்துகொண்டிருக்கிறார். சுண்ணாம்புப் பொடியில் ஆளிவிதை எண்ணெயை விட்டு உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைகிற அந்த வாசனை அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. நேற்றுத் தென்னையிலிருந்து விழுந்த மட்டை ஒரு கண்ணாடியை உடைத்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான். அரை நாள் வேலை. அடுப்பில் உலை வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் உங்களுக்கு நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்காது என்று தெரிகிறது.

இப்போது இங்கே வேலைக்கு வருகிற பெண்களுக்கு இந்த வீடு முன்பு எப்படி இருந்தது என்று தெரியாது. அப்பா கருவாட்டு வியாபாரத்தில் நன்றாக இருந்த காலத்தில் கட்டிய வீடு. கனத்த கல்சுவர், சின்னச் சின்ன சன்னல்கள். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் நீளமான திறந்த வராந்தா. குளச்சலில் அப்போது எல்லா வீடும் அப்படித்தான். நல்ல நாட்களில் வராந்தாவில் மணல் பறக்கும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கடல் பக்கத்துக் கதவுகளை அடைத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கேற்றி உள்ளே இருப்போம்.

உங்களைக் கட்டிய சின்னண்ணன் கொழும்பில் காய்ச்சலில் இறந்தபின் அந்த இருட்டுக்குள் நீங்களும் நானும்தான். உங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பேசிய கல்யாணங்கள் எல்லாம் தட்டிப்போய், பேசுவதையே விட்டுவிட்டார்கள். மடத்துச் சகோதரிகள் லேஸ் என்று சொல்லும் ரேந்தையை, அவர்களிடமே நூல் வாங்கிப் பின்னிக் கொடுத்துச் சாப்பிட்டோம். திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போடுகிற வேலை. உங்கள் கைகள் போடும் வேகத்தில் கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் தொடர்ந்து கேட்கும். எனக்கு அந்த வேகம் வரவே இல்லை.

ரேந்தைக்கு வெள்ளைதான் உயிர். மழைக்காலத்தில் மண்ணெண்ணெய் விளக்குப் புகை நூலில் படியும். ஒரு வருஷம் மடத்திலிருந்து நாம் பின்னியதில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கரி படிந்திருக்கிறதாம். நீங்கள் அந்தத் துண்டுகளை முற்றத்தில் வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் விரித்துப் பார்த்தீர்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று மடித்து வைத்தீர்கள்.

அந்தச் சமயம் பார்த்துத் தக்கலையிலிருந்து பெரியண்ணன் வந்தார். அவருக்கு அங்கே சந்தையில் கருவாட்டு மொத்தக் கடை. நம்மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை, பாவம். இரண்டு பெண்கள் கடற்கரையில் தனியாக இருப்பது அவருக்குப் பாரமாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டைக் கருவாடு அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு விட்டுவிடலாம், நீங்கள் கோட்டாற்றில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகலாம், நான் அவர் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் கருப்பட்டிக் காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் பேசியதையே கேட்காதவர் போல, "அத்தான், கடல் பக்கத்து வராந்தாவ கண்ணாடி போட்டு அடச்சா என்ன?" என்றீர்கள்.

அவருக்குப் புரையேறிவிட்டது.

"கடப்பொறத்துல போறவன் வாறவன் எல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளையள வேடிக்க பாக்கவா? கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருத்தி வச்சிருக்கான்னு எனக்க மொகத்துல துப்புவானுவ."

"இடுப்பு ஒயரத்துக்குப் பலக அத்தான். அதுக்கு மேலதான் கண்ணாடி. நாங்க பாயில இருந்துல்லா வேல செய்யுதோம்?"

நீங்கள் அதோடு விடவில்லை. நாலைந்து பாய்களை எடுத்து வராந்தாத் தூண்களுக்கு இடையில் இடுப்பு உயரத்துக்குக் கட்டினீர்கள். என்னைத் தரையில் உட்காரவைத்து நீங்களும் உட்கார்ந்தீர்கள். "அத்தான், மணல்ல எறங்கி நிண்ணு பாருங்கோ" என்று குரல் கொடுத்தீர்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

"எங்க இருக்கிய?"

"இஞ்சதான் இருக்கோம். என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல்ல."

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல வாருங்கோ."

படிக்கட்டு வரைக்கும் வந்தபின் அவர் குரல் கேட்டது: "இவளுக்க கொண்ட தெரியுது." நீங்கள் என் தலையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினீர்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சின்னண்ணன் போனபின் அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பெரியண்ணன் மேலே வந்து துண்டால் காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "செய்யிதத செய்யி. ஒரு மழைக்காலம் பாப்போம். நிக்கல்லன்னா நான் சொன்னபடி கேக்கணும். நீ கோட்டாத்துக்கு, இவ எனக்க கூட."

"சரி அத்தான்" என்றீர்கள்.

அவர் போனபின் நான் கேட்டேன்: "மைனி, எனக்கும் சேத்தா சரி சொன்னிய?"

"ஏட்டி, ஒனக்கு அங்க போயி பிள்ள வளக்கணுமா?"

"வேண்டாம்."

"பின்ன என்ன?"

நாகர்கோவிலில் ஒரு பழைய ஜவுளிக்கடையை இடித்தபோது கிடைத்த பெரிய கண்ணாடிகளை வைக்கோலில் பொதிந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தோம். ஆள் உயரத்துக்கு ஒவ்வொன்றும். வள்ளம் செய்கிற அயினி மரத்தில் சட்டம் போட்டார் ஆசாரி. வேலை முடிந்த அன்று மத்தியானம் நாம் இரண்டுபேரும் உள்ளே நின்றோம். தரையெல்லாம் வெளிச்சம். மணல் இல்லை. கடலின் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது போல இருந்தது. கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். என் கையில் இருந்த நரம்பெல்லாம் தெரிந்தது.

பங்குனியில் சூடு தாங்கவில்லை. மேல் வரிசைச் சட்டங்களைத் திறக்கும்படி செய்து, வெளியே தென்னோலைத் தட்டி தொங்கவிட்டீர்கள். தெருவில் ரேந்தை பின்னுகிற வேறு நாலு பெண்கள் தங்கள் திண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வர வேண்டாம் என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு மழை வந்தது. முதல் சில நாள் ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம் கடலிலிருந்து காற்று ஒரே வீச்சாக வந்தது. கோயில் பீடத்துணிக்குக் கரை பின்னச் சொல்லி மடத்தில் கொடுத்திருந்தார்கள். அந்தத் திண்டு உங்கள் முன்னால் இருந்தது. நடுக் கண்ணாடி உள்பக்கமாக வளைந்ததை நான் பார்த்தேன். கண்ணாடி வளையும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அது வெடித்தது; உள்ளே புகுந்த காற்று வெளியே போக வழியில்லாமல் மேலே ஓடுகளைத் தூக்கி எறிந்தது. எல்லாரும் உள்ளே ஓடினோம். நீங்கள் மட்டும் திண்டின்மேல் கவிழ்ந்துவிட்டீர்கள்.

நான் திரும்பி வந்து உங்களைத் தூக்கியபோது வலது உள்ளங்கை பிளந்திருந்தது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. "நூல்ல ரத்தம் படாம எடுத்துக்கோ" என்றீர்கள். எடுத்தேன். படவில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். காயம் ஆறியது. கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரலும் பிறகு மடங்கவே இல்லை. ரேந்தைக்கு இரண்டு கையும் வேண்டும்.

பெரியண்ணன் மழையில் பஸ் ஏறி வந்தார். உள்கூடத்தில் உட்கார்ந்து உங்கள் கையில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் தணிந்திருந்தது. "போரும் மக்கா. காத்தோட மல்லுக்கெட்ட முடியாது. ஒனக்க அண்ணனுக்கு ஆள் அனுப்புதேன்."

சரி, முடிந்துவிட்டது என்று நானே நினைத்தேன். என் துணிகளை எந்தப் பெட்டியில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அத்தான், கை போச்சு. வெளிச்சமும் போகணுமா?"

"நீ சொன்ன சொல்லு என்னாச்சு?"

"ஒரு மழைக்காலம்னுதான சொன்னோம்? மழ இன்னும் தீரல்ல."

"வராந்தாவில கண்ணாடியே இல்லியே ஏட்டி!"

"வைப்பேன்."

அவர் எழுந்து போய்விட்டார். குடையை மறந்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மழை விட்ட ஒருநாள் வண்டி பிடித்து என்னை முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துப் போனீர்கள். "விளக்குமாடத்துக் கண்ணாடியும் இதே காத்துலதான நிக்குது? அது ஏன் ஒடையல்ல?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். காவல்காரரின் மனைவி கோட்டாற்றுக்காரி, உங்களுக்குத் தூரத்து உறவு. அவர் தயவில் மேலே ஏறினோம். எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் இடது கையால் ஒவ்வொரு சட்டமாகத் தடவிப் பார்த்தீர்கள். கண்ணாடி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. காற்று வெளியேறக் கீழேயும் மேலேயும் வழி இருந்தது. இறங்கும்போது சொன்னீர்கள்: "நாம ஒரே பாயா விரிச்சு வச்சோம். காத்து வந்து படுத்துட்டு."

உடையாமல் மிஞ்சிய பெரிய கண்ணாடிகளையும், உடைந்ததில் கைக்குக் கிடைத்ததையும் அறுத்துச் சின்னச் சின்னதாக்கினோம். இரும்புக் கீல்கள் அதற்குள்ளேயே உப்புக்காற்றில் துரு ஏறிவிட்டன. பித்தளையில் மாற்றினோம். காற்று அடிக்காத கிழக்குப் பக்கத்தில் கண்ணாடி வேண்டாம், இடைவெளி விட்டுச் சாய்த்து வைத்த பலகைப் பட்டைகள் போதும் என்றீர்கள். வருகிற காற்று அந்த வழியாகப் போய்விடுமாம். ஆசாரி நம்பவில்லை. நீங்கள் விடவுமில்லை.

ஆடிக் காற்று வந்தபோது நாம் எல்லாரும் உள்ளே இருந்தோம். ஓடிவிடத் தோதாகக் கதவுப்பக்கம் உட்கார்ந்தவள் நான். சட்டங்கள் கடகடவென்று ஆடின. ஒரு மூலையில் தண்ணீர் கசிந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கிழக்குப் பட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, காற்று வெளியே போகிறதா என்று ஈரத்துணியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். துணி வெளிப்பக்கமாகப் பறந்தது. "வேலையப் பாருங்கோ" என்றீர்கள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

அந்த மழைக்காலத்து ரேந்தையில் ஒரு துண்டும் திரும்பி வரவில்லை.

மழை தீர்ந்து ஆவணியில் பெரியண்ணன் வந்தார். வராந்தா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். "நிண்ணுட்டே" என்றார். பிறகு உள்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருஷம் வந்து போனார். அந்தக் கண்ணாடி அறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. நீங்களும் வற்புறுத்தவில்லை.

அதன்பின் கடற்கரையில் வேறு சில வீட்டுக்காரர்களும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். போய்ப் பார்த்து, "கீழ பலக, மேல சின்னக் கண்ணாடி, காத்து போக ஒரு வழி" என்று சொல்லிவிட்டு வருவீர்கள். நம் அறையில் காலையில் கண்ணாடியில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைப்பதும், கட்டைகளுக்கு நூல் சுற்றுவதும் உங்கள் வேலை. கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் சுற்றுவீர்கள். அதைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டுப் பேசியதில்லை. ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம் நான் ஏதோ எடுக்க வந்தேன். என் திண்டை முன்னால் வைத்து, இடது கையால் கட்டைகளைத் தூக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டீர்கள். "சும்மா பாத்தேன்" என்றீர்கள். நான் எடுக்க வந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நெஞ்சில் சளி கட்டிய காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதும் ஒரு மழைக்காலத்தில்தான். வெளிச்சம் உள்ள இடம் என்று உங்களை அந்த அறையில்தான் கிடத்தினோம். பெரியண்ணன் வந்தார். வாசற்படியில் கொஞ்சம் நின்றார், பிறகு உள்ளே வந்தார். வெளியே தென்னைகள் வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காத்து தெரியவே இல்லியே" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார்.

தன்னோடு வந்துவிடும்படி அவர் என்னைக் கூப்பிடவில்லை.

மைனி, நீங்கள் போனபின் வேலை நன்றாகத்தான் நடக்கிறது. உப்பை நான் துடைக்கிறேன். நூல் சுற்ற ஆளுக்கு ஒருத்தியாக முறை வைத்திருக்கிறோம். எனக்கு இன்னும் பழகாமல் இருப்பது ஒன்றுதான். கை கெட்ட நாளிலிருந்து உங்களால் முடி கட்ட முடியவில்லை. மற்றவர்கள் வருமுன் அந்த அறையில் கடலைப் பார்த்து உட்காருவீர்கள். நான் பின்னால் இருந்து எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, வாரி முடிந்துவிடுவேன். உங்களுக்குக் கனத்த முடி. இரண்டு கையிலும் அள்ளினால்தான் அடங்கும். இன்றும் காலையில் என் முடியை வாரி முடிந்தபின் சீப்பைக் கீழே வைக்க எனக்கு மனம் வருவதில்லை. இன்னொரு தலை பாக்கி இருப்பதுபோலக் கை கொஞ்சநேரம் அப்படியே காத்திருக்கிறது. பிறகுதான் வைக்கிறேன்.