பூஜ்யம் போட்ட தாள்

ஆவடி,
12.2.2025

அன்புள்ள நாகவல்லி அண்ணிக்கு,

தாட்சாயிணி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்றுதான் போன வாரம் வரை போனில் சொல்லி வந்தேன். அது பொய். இந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் தம்பி காதில் விழும். பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் மருமகள் இன்று ஓசூர் வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம், ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நாமும் பெரிய கும்பிடாகப் போட்டோம். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள நர்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் கொடுப்பாள். மேலே கோதண்டம் என்று பேர். கீழே சோர்வு, வலி, தூக்கமின்மை, பசியின்மை என்று வரிசையாக இருக்கும். தொந்தரவு இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியவில்லை என்றால் பத்து.

ஊசி மருந்தால் விரல் மரத்துப்போனதால் அவர் கையில் பேனா நிற்பதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம். "இன்ஸ்பெக்‌ஷன்ல இருபத்தாறு வருசமா கீறேன். ஷீட்ல ஒரு நம்பர் ஏறுனா அந்த ஐட்டம் எங்க போவும்னு எனுக்குத் தெரியாதா? நீ பூஜ்யம் போடுமே" என்றார். ஃபேக்டரியில் சிவப்புச் சீட்டு கட்டி ஓரம் தள்ளுகிற பாகம் மாதிரி தன்னையும் தள்ளிவிடுவார்கள், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பயம். ஆஸ்பத்திரித் தாள் ஃபேக்டரிக்குப் போகாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கிற ஆளா உங்கள் தம்பி?

நானும் வாயை மூடிக்கொண்டேன் அண்ணி. பூஜ்யம் எழுதும்போது எனக்கும் கொஞ்சம் பயம் குறைந்தது. போன முறை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இனி வாராவாரம் வர வேண்டாம், மாதம் ஒருமுறை போதும் என்றார். திரும்பி வரும்போது பாடி மேம்பாலத்தில் பஸ் நகரவில்லை. "பாத்தியாமே" என்று சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். கம்பியைப் பிடித்திருந்த கை முழுக்க நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

இரண்டு மாடி ஏற மூன்று தடவை உட்காருகிறார். பல் தேய்த்தால் ரத்தம். விடிவதற்குள் தலையணை உறை வேர்வையில் நனைந்துவிடுகிறது. நான் எழுந்திருக்கும் முன்னே அவரே அலசிக் காயப்போட்டுவிடுகிறார். உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளுகிறவர், இப்போது எதைப் போட்டாலும் "நல்லாகீது" என்கிறார்.

இன்று காலையில் துவைக்க எடுத்த சட்டைப் பையில் காய்ச்சல் மாத்திரை அட்டை இருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. எத்தனை நாளாகக் காய்ச்சலை மறைத்தாரோ! பகலில் தூங்காத மனிதர் சுருண்டு படுத்திருந்தார். தெர்மாமீட்டர் வைத்தேன், நூற்றிரண்டு. காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

குப்பம்மா வீட்டுக்கு ஓடிப்போய் நர்ஸுக்கு போன் செய்தேன். நாங்கள் கொடுத்த தாள் எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. உடனே கூட்டிவாருங்கள் என்றாள், பிறகு தாளில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சோர்வு ஒன்பது, பசியின்மை எட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் மனக்கவலை எவ்வளவு என்றாள். அவருக்கு எவ்வளவென்று தெரியாதம்மா, எனக்குப் பத்து என்றேன்.

உங்களுக்கும் அங்கிருந்தே போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. ஆட்டோ சொல்லிவிட்டேன். அது வருவதற்குள் இதை எழுதுகிறேன். நான் காட்டிக்கொடுத்தது தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார். நீங்கள் நாளைக் காலையே புறப்பட்டு வாருங்கள். அக்கா சொன்னால்தான் அடங்குவார்.

கீழே ஆட்டோ சத்தம் கேட்கிறது. அவரை எழுப்பப் போகிறேன். என்மேல் கோபப்பட்டு, தினமும் என்னைத் திட்டிக்கொண்டு, அவர் நூறு வயது இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் பண்ணுங்கள் அண்ணி.

உங்கள் தம்பி மனைவி,
தாட்சாயிணி